வடித்தவள் குடித்தாளா?

புதுச்சேரிக்குப் போவது என்று முடிவானது கொல்லிமலையில்தான். தை மாதக் குளிரில், செம்மேட்டில் தோழியின் வீட்டுத் திண்ணையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஐவரும் நாற்பதைத் தாண்டியவர்கள் அல்லது தாண்டப்போகிறவர்கள். நான்கு பேர் ஆசிரியத் தொழிலில் இருக்கிறோம், ஒருத்தி வங்கியில். இரண்டு நாள், கடலோரம், நல்ல மீன், கடையிலேயே வடித்துத் தரும் கிராஃப்ட் பீர். திட்டம் இவ்வளவுதான். இதற்கு ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் பீரைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வருவது என்பதிலேயே போயிற்று.

ஒருத்தி கருத்தரங்கு என்று சொல்வாள். இன்னொருத்தி அரவிந்தர் ஆசிரமம் என்று சொல்வாள். வங்கித் தோழிதான் கேட்டாள்: “ஏன்டி, என் வீட்டுக்காரர் மாசம் ரெண்டு தடவை ஏற்காடு போறார். என்னிக்காச்சும் ஆசிரமம்னு சொல்லிட்டுப் போயிருக்காரா?” எல்லோரும் சிரித்தோம். சிரித்தே கொல்வாள் என்று கொல்லிப்பாவையைப் பற்றி இந்த மலையில் ஒரு கதை உண்டு. பெண்கள் கூடிச் சிரித்தால் பயப்படுகிற யாரோ ஒருவர்தான் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்காரத் தோழி மட்டும் கொஞ்சம் தள்ளியே இருந்தாள். மலையாளிப் பழங்குடிப் பெண், அரசுப் பள்ளி ஆசிரியை. தம்பி குடித்தே செத்தவன். “நான் வரேன்க்கா. குடிக்க மாட்டேன். கடலைப் பாத்துக்கிட்டு மீன் தின்னுட்டு வரேன். ஆனா நீங்க குடிக்கறது சரின்னும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க” என்றாள். அந்த வாக்கியம் அப்படியே என்னோடு மலையிறங்கி வந்தது. இந்தக் கட்டுரையை எழுதவைத்ததும் அதுதான்.

நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். பயணம் என்றால் எனக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வரும். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனிடம் வழி சொல்வதுதான் ஆற்றுப்படை என்று தேர்வுக்கு எழுதவைக்கிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் சிறுபாணாற்றுப்படையின் 269 அடிகளையும், பெரும்பாணாற்றுப்படையின் 500 அடிகளையும் பசியோடு படித்தால் வேறொன்று தெரியும். எந்த ஊரில் யார் வீட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிற உணவு வழிகாட்டி அது. ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். வேலூரில் வேட்டுவர் வீட்டில் புளி சேர்த்த சோறும் காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியும். எயிற்பட்டினத்துக் கடற்கரையில் பழைய தேறலும் சுட்ட குழல்மீனும். நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனம். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று கொள்வார்கள். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆக, நாங்கள் ஐவரும் திண்ணையில் உட்கார்ந்து போட்ட திட்டத்தை நத்தத்தனார் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறார், அதே கரையில்.

ஆனால் அந்த எயிற்பட்டினக் காட்சியில் வேலை செய்வது யார்? அலை ஒதுக்கிய வாசனைக் கட்டைகள் கரையில் கிடக்கின்றன. தூங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றன என்கிறார் புலவர் (தமிழ்க் கடற்கரையில் ஒட்டகத்தைப் பார்த்த கண் அது என்று ஒவ்வொரு முறையும் வியப்பேன்). அந்தக் கட்டையைப் பொறுக்கிவந்து தீ மூட்டுவது நுளையர் குடிப்பெண். தேறலை அரித்து எடுப்பதும் அவளே. ஆனால் வந்தவர்க்குக் குடிக்கத் தருவது பரதவர். அவள் வடிக்கிறாள், அவர்கள் உபசரிக்கிறார்கள். இடையில் புலவர் அவள் தோளையும், நிலா ஏங்கும் முகத்தையும், வேல்நுனிப் பார்வையையும் சொல்லிவிடுகிறார். அவள் கை என்ன செய்தது என்பதற்கு ஒரே ஒரு வினை: அரித்தாள். அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாளா? வடிப்பவர் ருசி பாராமல் எப்படி வடிப்பார்? பாட்டு அங்கே வாயைத் திறக்கவில்லை. இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதியைப் பாடம் நடத்துகிறேன். உருவகம், உவமை, நெய்தல் முதல் கரு உரி எல்லாம் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் உருத்திரங்கண்ணனார் ஒரு செய்முறையையே தருகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுவது. வாய் அகன்ற தட்டுப் பிழாவில் ஊற்றி ஆறவிடுவது. புற்றின் உட்புறம் போலத் தோற்றமுள்ள நல்ல அடையைக் கலப்பது. இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டுவைப்பது. கெட்டியான வாய் கொண்ட சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது. அடை என்ற சொல்லுக்கு உரைவழி வந்த பொருள் முளை. நெல்லை முளைக்கவைத்து இடித்துச் சேர்ப்பது.

இதை மது என்றோ கள் என்றோ பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் இது பீர். பனையிலும் தென்னையிலும் இறங்குகிற கள்ளில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, தானாகவே புளித்துவிடும். தானியத்தில் இருப்பதோ மாவுச்சத்து. அதை யாராவது முதலில் சர்க்கரையாக மாற்றித் தரவேண்டும். முளைவிடும் தானியத்தில் ஊறும் நொதிகள் அதைச் செய்கின்றன. பிறகுதான் ஈஸ்ட் வந்து வேலையைத் தொடங்கும். புதுச்சேரியில் கட்டுமரத்தின் பெயரையே ஆங்கில வாய் வழியாகத் திருப்பி வாங்கி ‘கட்டமரான்’ என்று வைத்துக்கொண்டிருக்கும் பீர் வடிப்பகம் வரைக்கும், உலகத்தின் எந்த பீர்த் தொட்டியிலும் நடப்பது இதுதான். அங்கே பார்லி, இங்கே நெல்.

மறுநாள் காலை தோழியின் அம்மா முறத்தில் கேழ்வரகைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டது. பேரப்பிள்ளைக்குக் கஞ்சிமாவு அரைக்க. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இந்த மலையில் மரவள்ளி வந்து பாதி நிலத்தைப் பிடித்துக்கொண்டது. கிழங்கு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சிறுதானியம் எஞ்சியிருக்கிறது என்றால் அது இப்படிப்பட்ட அம்மாக்களின் முறத்திலும் விதைக்குடுவையிலும்தான். நான் பெரும்பாணாற்றுப்படைச் செய்முறையைப் பேச்சுத்தமிழில் அவருக்குச் சொன்னேன். கள் என்று சொல்லவில்லை, ஒரு பழைய பாட்டில் வரும் சமையல் என்றேன். கேட்டுவிட்டு அவர் உடனே சொன்னது: “ஆறவச்சுத்தான் போடணும் கண்ணு. சூட்டுல போட்டா முளை செத்துரும். அப்பறம் களி களியாத்தான் கெடக்கும், இனிப்பு ஏறாது.”

ஆய்வேட்டில் இந்தப் பத்துப்பாட்டுப் பகுதிக்கு நான் எழுதிய பக்கங்கள் எனக்கு நினைவு வந்தன. அகன்ற பிழாவில் ஆற்றுவதை ‘நுண்ணிய காட்சிச் சித்திரிப்பு’ என்று எழுதியிருந்தேன். சித்திரிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அது செய்முறையின் உயிரான படி. வாய் அகன்ற பாத்திரம் எதற்கு என்று எந்த உரையிலும் நான் தேடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பாட்டைக் கேட்டதும் அதன் காரணத்தைச் சொல்லிவிட்டார். உருத்திரங்கண்ணனாரும் யாரோ ஒரு பெண் அருகில் நின்று பார்த்திருக்கிறார், அல்லது கேட்டு எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் செய்பவர் யார் என்று எழுவாய் இல்லை. விரல் மட்டும் இருக்கிறது. யாருடைய விரல் என்பது பிறகு கடற்கரைப் பட்டினத்தைச் சொல்லும் அடிகளில்தான் தெரிகிறது. கள் அடும் மகளிர் அங்கே வருகிறார்கள். வட்டில் கழுவுகிறார்கள். கழுவிய நீர் ஓடிச் சேறாகி அதில் பன்றி குட்டிகளோடு புரள்கிறது. அழகான பெண்களுக்கு நிலவும் வேலும், உழைக்கும் பெண்களுக்குச் சேறும் பன்றியும் என்று கோபப்பட்டிருக்கிறேன் ஒருகாலத்தில். இப்போது அந்தச் சேற்றுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. தொழில் நடந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

இது நம்மோடு முடிகிற கதையும் அல்ல. சுமேரியாவில் பீருக்கு நின்காசி என்று ஒரு பெண்தெய்வம் உண்டு. அவளைப் பாடும் துதியே ஒரு வடிப்புமுறைதான். இங்கிலாந்தில் 1300-க்கும் 1600-க்கும் இடையில் வீட்டிலே காய்ச்சி விற்ற பெண்களின் கையிலிருந்து அந்தத் தொழில் எப்படி நழுவியது என்று ஜூடித் பென்னட் 1996-இல் ஒரு நூல் எழுதினார். பெரிய முதலீடு, கூடுதல் நாள் கெடாத சரக்கு, தொழிற்சங்கம், கடன் எல்லாம் வரவர ஆண்கள் உள்ளே வந்தார்கள். காய்ச்சும் பெண்ணைச் சூழ்ச்சிக்காரி, அழுக்குக்காரி என்று ஏசும் பாடல்களும் கூடவே வந்தன. வீட்டில் செய்தால் பெண்வேலை, விலைக்கு விற்றால் ஆண்தொழில். சமையலில் நடந்தது, தையலில் நடந்தது, பீரிலும் நடந்தது.

சரி, குடித்த பெண்கள்? இருக்கிறார்கள். பட்டினப்பாலை, அதே உருத்திரங்கண்ணனார் பாடியதுதான், காவிரிப்பூம்பட்டினத்து இரவில் பெண்களைக் குடிக்கவிடுகிறது. பட்டை நீக்கித் துகிலுக்கு மாறுகிறார்கள், மட்டை விட்டு மதுவுக்கு மாறுகிறார்கள். கடலோர நகரம், வார இறுதி போன்ற களிப்பு, மலிவான சரக்கை விட்டு உயர்ந்த சரக்கு. கிராஃப்ட் பீர்க்காரிகளின் முன்னோடிகள் என்று திண்ணையில் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, அவர்கள் கணவரோடோ காதலரோடோ கூடிய பெண்கள். தோழிகளோடு போனவர்கள் இல்லை. இரண்டு, மட்டை விட முடிந்தவர்கள். எங்கள் திட்டத்தில் ஒரு கோப்பைக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டு, மிளகு பறிக்கப் போகும் பெண்ணின் ஒரு நாள் கூலியோடு ஒப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

புறநானூற்றில் நக்கீரனார் நன்மாறனை வாழ்த்தும் பாட்டில் யவனர் கொண்டுவந்த மது வருகிறது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோதும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடி தோண்டியபோதும் கிடைத்த மத்தியதரைக்கடல் சாடிகளின் ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டு வெறும் கற்பனையாகத் தோன்றாது. ஆனால் அந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி ஊட்டுபவர்கள் வளையணிந்த பெண்கள். ஊற்றும் கை பெண்ணுடையது, உண்ணும் வாய் அரசனுடையது. கொல்லிமலையின் ஓரியும் இரவலர்க்கு மானிறைச்சியோடு உருக்கிய நெய் போன்ற மதுவைக் கொடுத்தவன்தான். வன்பரணர் பாடிய அந்தக் கூட்டத்தில் விறலியும் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு கலம் போயிருக்கும் என்று நம்ப எனக்கு ஆசை.

மறைக்க முடியாமல் குடித்தவள் ஒருத்திதான்: அவ்வை. அதியமான் இறந்தபின் அவர் பாடிய கையறுநிலையில் (புறநானூறு 235) முதல் நினைவே கள். கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று நினைவுகூர்கிறார். பழைய உரைகாரருக்கு இதில் கூச்சமே இல்லை. நாங்கள் உண்டு பாட, எஞ்சியதை அவன் நுகர்வான் என்று எழுதிவிட்டுப் போகிறார். கூச்சம் பிற்பாடு வந்தது. நான் முதுகலை படித்த வகுப்பில் ஆசிரியர் ஒருவர் ‘கள் என்பது இங்கே தேனைக் குறிக்கும்’ என்றார். ‘அதியமான் குடித்ததும் தேனா ஐயா?’ என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். வகுப்பு அன்றைக்கு அதோடு முடிந்தது.

அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. 1953-இல் ஜெமினி எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள், 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நின்ற சிலை என்று கோலூன்றிய ஒரே கிழவியாக அவ்வையைத் திரட்டிவைத்திருக்கிறோம். ஆத்திசூடி பாடிய பிற்கால அவ்வை, அதியனோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட சங்க அவ்வையின் கையிலிருந்து கலத்தைப் பிடுங்கிக் கோலைக் கொடுத்துவிட்டாள். எனக்கு அந்தப் பாட்டில் முக்கியம் குடித்ததுகூட இல்லை. ‘எமக்கு’ என்ற பன்மை. கொடுக்கிறவனும் வாங்குகிறவளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊட்டுகிறவள் இல்லை, உடன் உண்பவள். ஆணும் பெண்ணும் நட்பாக இருந்ததற்கு இதைவிட அழுத்தமான தடயம் நம் இலக்கியத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதை வாசிப்பில் பெண்ணொருத்தி மொட்டைமாடியில் தனியே பீர் குடிக்கும் கவிதையை வாசித்தேன். கீழே இறங்கியதும் மூத்த எழுத்தாளர் ஒருவர் கேட்டார்: “அது நீங்கதானா மேடம்?” ஆண்கவிஞர்கள் சாராயத்தில் நீந்தி எழுதிய கவிதைகளை அவர் வாழ்நாளெல்லாம் கொண்டாடியவர். அவர்களிடம் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்க மாட்டார். ஆணின் குடி அழகியல், பெண்ணின் குடி வாக்குமூலம். 2009 ஜனவரியில் மங்களூர்ப் பப்பில் பெண்களை அடித்து இழுத்தவர்கள் கேட்டதும் அந்தக் கேள்விதான், கையால் கேட்டார்கள்.

இவ்வளவும் சொல்லியபின்னும் தோழியின் வாக்கியம் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் தமிழ்நாட்டில் பெண்ணியம் மதுவோடு பேசிய முதல் பேச்சே எதிர்ப்புதான். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நின்றவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். இன்றைய நாமக்கல் அதற்குள்ளேதான் இருந்தது. 2003-இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தபிறகு கடையை மூடு என்று தெருவில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தாலியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போன பெண்கள். எங்கள் வீட்டில் அம்மா சம்பளப் பணத்தை அரிசிப்பானைக்குள் புதைத்துவைப்பார். அப்பா வந்து பானையைக் கவிழ்ப்பார். தரையில் சிதறிய அரிசியை நானும் அம்மாவும் இரவில் பொறுக்குவோம். நான் முதன்முதலில் பீர் குடித்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. அந்த வாசனையில் அரிசி பொறுக்கிய ஞாபகம்தான் வந்தது. பாதியில் வைத்துவிட்டேன். மீதியை இன்னொரு நாள் குடித்தேன், கோபத்தில்.

நாங்கள் புதுச்சேரிக்குப் போகும் வழி காரவள்ளி, ராசிபுரம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரில் இதே சாவு. நுளைமகள் தேறல் அரித்த கரை. கள்ளக்குறிச்சியில் இறந்த பெண்களைப் பற்றிப் பேசியபோது ‘பொம்பளைங்களுமா குடிச்சாங்க?’ என்று கேட்டவர்கள் என் துறையிலேயே உண்டு. கூலிவேலை முடித்து உடம்புவலிக்குக் குடிக்கும் பெண்ணைத் தெரியாதவர்களின் வியப்பு அது. அவளுக்கு எந்த ஆற்றுப்படையும் இல்லை, கைப்பையும் கோப்பையும் கடற்காற்றும் இல்லை. பாக்கெட்டில் வந்ததைக் குடித்தாள். பெண்ணின் குடிக்கும் உரிமையைப் பற்றி நாங்கள் எழுதுகிற கட்டுரைகளில் அவள் வருவதில்லை. மதுவிலக்கு மேடைகளிலும் அவள் வருவதில்லை. அங்கே மனைவிதான் வருவாள்.

தோழியிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “நீங்க பாட்டை வச்சு யோசிக்கறீங்க. நான் என் தம்பியை வச்சு யோசிக்கறேன். ரெண்டும் ஒரே வண்டியில வரட்டும்க்கா” என்றாள். பிறகு, வண்டி மரக்காணம் வரை போகுமா, அங்கே சுட்ட மீன் கிடைக்குமா என்று கேட்டாள். திட்டத்தில் மாற்றம் செய்தோம். முதல் நாள் அரிக்கமேடு, மாலையில் பீர். இரண்டாம் நாள் காலை மரக்காணம். ஓட்டுகிறவள் குடிப்பதில்லை என்பதை விதியாகவே எழுதிவைத்தோம். அதனால் ஓட்டும் பொறுப்பை முழுக்க அவளே எடுத்துக்கொண்டாள்.

அறைக்குப் பேசியபோது மறுமுனையில் இருந்தவர், “அஞ்சு லேடீஸ். சரிங்க மேடம், கூட யார் வராங்க?” என்றார். வங்கித் தோழி போனை வாங்கிப் பதில் சொன்னாள். கருத்தரங்கு, ஆசிரமம் எதையும் அவள் சொல்லவில்லை. தோழியின் அம்மா முளைகட்டிய கேழ்வரகு மாவில் ஒரு பொட்டலம் எனக்கும் கட்டிக்கொடுத்திருந்தார். ஆறவைத்துத்தான் போடவேண்டும் என்று இன்னொரு தடவை சொல்லி அனுப்பினார்.